சௌக்கியம்

அம்பத்தூரில் ஜெபகிருபை வீட்டு மேசை இழுப்பறைக்குள்
ஒரு பழைய போன் சார்ஜில் கிடக்கிறது.
தினமும் விடிகாலை மூன்று மணிக்கு
எங்கள் சர்வர் அதற்கு ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும்:
சௌக்கியம்.
மூன்று பத்துக்குள் வராவிட்டால்
அது என்னைக் கூப்பிடும்.
இதெல்லாம் ஓவர் என்று சிரித்தவன் நான்.

மே மாதம். தண்ணீர் லாரிகள் ராத்திரி பூரா ஓடுகின்றன.
மூன்று பத்துக்கு போன் அடித்தது.
எடுத்தேன். அந்தப் பக்கம் யாருமில்லை.
யாருமில்லை என்பதுதான் சேதி.

லேப்டாப்பைத் திறந்தால் திரை முழுக்கப் பச்சை.
மெசேஜ் அனுப்பும் ப்ராசஸ், எண் 2291.
இருக்கியா என்றால் இருக்கேன் என்கிறது.
தன் இடத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது,
பிராட்வேயில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு
சீட்டுப் பிடித்தவன்
டீ குடிக்கப் போய்த் திரும்பாத மாதிரி.

கடைசியாக என்ன செய்தாய் என்று லாகில் தேடினேன்.
இரவு 9:04.
பிறகு ஒரு வரி இல்லை.
டேட்டாபேஸிடம் ஏதோ கேட்டிருக்கிறது.
அங்கே எப்போதோ இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.
இது இன்னும் காதில் வைத்தபடி
ம், சொல்லுங்க, ம்.

சாகவில்லை. செத்திருந்தால் தெரிந்திருக்கும்.
சாவைப் பார்க்க மட்டும் நான்கு அலாரம் வைத்திருந்தேன்.

ஐந்தாவது ஒன்றும் உண்டு, போன வருஷம் நானே எழுதியது:
வரிசையில் ஐநூறு மெசேஜ் தாண்டினால் எனக்குச் சொல்.
சொல்லியிருக்கிறது.
9:31-க்கு, ஐநூற்று ஒன்று ஆன நொடியில்,
மெசேஜாக.
அது போய் அதே வரிசையில்
ஐநூற்று இரண்டாவதாக நின்றது.

நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை.
பலவந்தமாக நிறுத்தித் திரும்பக் கிளப்பினேன்.
புது எண். புது மூச்சு.
4116. 3980. 3377.
எண் இறங்குவதைப் பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.
இரண்டாயிரத்துக்கு வந்தபோதுதான்
அவற்றுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது
ஞாபகம் வந்தது.

உங்கள் தண்ணீர் லாரி இன்னும் பத்து நிமிடத்தில் வரும்.

எதிர் பிளாக் மூன்றாம் மாடியில் ஒரு விளக்கு.
அதற்குக் கீழே ஒன்று.
அப்புறம் எண்ண முடியவில்லை.
மேடவாக்கம் படிக்கட்டுகளில்
குடமும் குடமும் இடிக்கும் சத்தம்.
நேற்று ஒன்பதரைக்கு வந்து, பத்துக்கு வந்து,
ஆள் இல்லையென்று அடுத்த தெருவுக்குப் போய்விட்ட லாரிகளுக்காக
கோவிலம்பாக்கம் வரை
ஜனங்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

என் போனிலும் இரண்டு.
ஒன்று: எச்சரிக்கை, வரிசை ஐநூறைத் தாண்டியது.
மற்றது: உங்கள் தண்ணீர் லாரி.

நானும் இறங்கினேன்.
கையில் குடம் இல்லாமல் போனால்
யார் எவர் என்று கேட்பார்களோ என்று ஒரு குடமும்.

நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்த மெகருன்னிசா
போன் வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தாள்.
"உங்களுக்கும் வந்துச்சா சார்?"
வந்துச்சு.
"பத்து நிமிஷம்னு போட்டிருக்கு."
ஆமா.
சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது.
சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து குப்பை புகையும் வாசம்.
ஒரு பையன் கவிழ்த்த குடத்தின் மேல் உட்கார்ந்தே தூங்கினான்.

சட்டைப் பையில் அதிர்ந்தது.
ஜெபகிருபை, அம்பத்தூரிலிருந்து:
சௌக்கியம் வந்துருச்சு. தூங்குங்க.

பத்து நிமிடம் ஆனது. பதினைந்து.
தெருமுனையைப் பார்த்தபடி எல்லோரும்.
முதல் ஆளாக மேலே போக
யாருக்கும் மனசில்லை.