முழங்கால் உயரம்

பத்து நாள் விடுமுறையில் நான்கை
இவர் இந்தப் புல்வெளிக்கு எழுதிவைத்துவிட்டார்.
ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரை, ஜூலை.
வெயில் வந்திருக்கிறது,
கடமைக்கு எட்டிப்பார்க்கும் சம்பந்தி போல,
செருப்பைக் கழற்றாமல்.

வெள்ளிக்கிழமை காலை
எல்லோரும் பெரிய பெயரின் பின்னால் போனார்கள்.
குடை, மடக்கு நாற்காலி, தோளில் குழந்தை என்று
மணல்மேட்டில் ஓர் ஊரே நகர்ந்தது.
இவரும் போனார். கையசைத்தது
எனக்கா கூட்டத்துக்கா தெரியவில்லை.
எனக்குக் குதிகாலில் கொப்புளம்.
பதினான்காம் குழிக்குப் போகும் வழியில்
மழைக்கோட்டை விரித்து உட்கார்ந்தேன்.

கயிற்றருகே கில்லெஸ்பி.
முப்பது வருடம் படகுகளில் எஞ்சின் பார்த்தவர்,
இந்த வாரம் சம்பளமில்லாத காவல்.
இரண்டு கையையும் அவர் தூக்கினால்
நூறு பேர் இருமலை விழுங்குகிறார்கள்.
கடற்காகம் மட்டும் கேட்பதில்லை.
"அது உள்ளூர்க்காரன்" என்றார்.

யாருக்கும் தெரியாத இருவர் ஆடிக்கொண்டு வந்தார்கள்.
பின்னால் ஐந்தே பேர்.
அதில் மஞ்சள் பூட்ஸ் போட்ட ஒருத்தி
ஆட்டத்தைப் பார்க்காமல்
தன் காலடிகளை எண்ணிக்கொண்டு நடந்தாள்.
அம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

"ஃபோர்!" என்று தொலைவில் யாரோ கத்தினார்கள்.
எது நான்கு என்று யோசித்தபடி எழுந்து விலகினேன்.
டொப்.
கோட்டின் தலைமூடிக்குள்
கோழி இட்டுப் போனதுபோல் ஒரு பந்து.

"தொடாதீர்கள்!" ஏழெட்டுக் குரல்கள்.
என் கோட்டை நானே தொடக்கூடாது.

ஓடி வந்தான்.
இருபத்திரண்டு வயது இருக்கலாம். வெந்த கழுத்து.
பலகையில் ஒஸ்காரி என்று தொடங்கி
'நென்' என்று முடியும் நீளப் பெயர்.
மன்னிப்புக் கேட்பதா நலம் விசாரிப்பதா என்று தெரியாமல்
தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர்
வண்டியில் வந்து தீர்ப்புச் சொன்னார்:
பந்தை எடுக்கலாம், கோட்டை அகற்றலாம்,
கோட்டுக்கு அடியில் எந்த இடமோ
அங்கே முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும்.
தண்டனை இல்லை.

கோட்டை அவனே எடுத்தான்.
மண் தட்டி, கைகளை உள்ளே மடக்கி,
துணிக்கடையில் மடிப்பதுபோல் மடித்துத் தந்தான்.
இந்தப் பயணத்தில்
எனக்காக யாரும் எதையும் மடித்ததில்லை.

பிறகு பந்தோடு குனிந்து
விரல்களைத் திறந்தான்.
முழங்காலுக்கும் புல்லுக்கும் நடுவே
அது யார் கையிலும் இல்லை.

அடித்தான். எங்கே போனதென்று நான் பார்க்கவில்லை,
மஞ்சள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் கண்ணை மூடியிருந்தாள்.
மேட்டுக்கு அப்பால் நாலைந்து கைதட்டல்,
பாராட்டா ஆறுதலா,
அந்த ஊர்க் கைதட்டல் எனக்குப் புரியவில்லை.
கில்லெஸ்பி தூக்கிய கையை இறக்க மறந்து நின்றார்.

மறுநாள் காலை, தங்கிய வீட்டில்,
பெரிய பெயரின் ஒரே அடியை
இவர் மூன்றாம் முறை விவரித்துக்கொண்டிருந்தார்.
"உன் ஆள் என்ன ஆனான்?" என்றாள் இஷ்பெல்.
பெயரின் பாதியைச் சொன்னேன்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு
செய்தித்தாளில் விரலை மேலிருந்து இறக்கினாள்.
இறங்கியது, இறங்கியது.
நடுவே ஒரு கறுப்புக் கோடு,
அதற்கு மேலே இருப்பவர்கள்தான் இன்று ஆடுவார்கள்.
விரல் நின்றது.

கோட்டுக்கு அடியில், முதல் பெயர்.

"ஒரே ஒரு அடி" என்றாள்,
ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்தாமல்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
இவர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார்.
மடிப்புக் கலையாமல் நாற்காலியில் இருந்த கோட்டை
அப்படியே விட்டுவிட்டு
நனைந்துகொண்டே போனேன்.