வலிமை எட்டு

பூசாரி கத்தி எடுக்கக் கூடாது,
மழுங்கிய ஆயுதம் மட்டும்தான் என்றான் இம்தியாஸ்,
ரூல் புக்கில் விரலை ஊன்றி.
ரத்தம் சிந்தக் கூடாதாம்.
"கதையால மண்டைய பொளந்தா
இன்னா, பன்னீரா வரும்?"
பூசாரியாக ஆடும் ரெஜினா கேட்டாள்.
காசிமேட்டில் ஐஸ் உடைத்துவிட்டு வந்த கை,
இன்னும் சில்லென்று.

நான் மந்திரவாதி.
என் தாளில் வலிமை எட்டு.
வாளைத் தொட்டாலே தோள் இறங்கிவிடும்
என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டையில்லை.

மெட்ரோ தண்ணி லாரி ஹாரன்.
தண்டையார்பேட்டை மொட்டைமாடி காலி.
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று,
மூன்று மாடி, நான்கு நடை.

மூச்சு வாங்க உட்கார்ந்ததும்
ரெஜினா என் தாளை இழுத்து
எட்டை அடித்துப் பதினாலு போட்டாள்.
இம்தியாஸ் ரொம்ப நேரம் யோசித்து,
"குடத்துக்கு மட்டும்" என்றான்.

குகையில் வாள் அப்படியே கிடந்தது.
இருபது முகப் பகடை
ஈரக் கையில் நிற்கவில்லை.