பத்துக் கிலோவுக்குக் கீழே

எங்கள் செம்பனை ஆலையின் எடைமேடைக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும் தெரியாது.
லாரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்.
பதினேழாயிரத்து நானூற்று இருபது.
அந்த இருபதுக்கும் அடுத்த முப்பதுக்கும் நடுவில்
ரோஸ்லான் வழியில் குடித்த தே ஓ,
குலைகளின் மேல் ஓசியில் வந்த மைனா,
டயர் இடுக்கில் ஒட்டிய மண்,
எல்லாம் பூஜ்யம்.
பதினோரு வருடமாக இதைத்தான் தட்டச்சு செய்கிறேன்.

அதனால்
சனிக்கிழமை வேலை முடிந்து போகையில்
தரையில் கிடந்த உதிரிப்பழம் ஏழு
என் கைப்பைக்குள் வந்தது திருட்டா என்று கேட்டால்
மேடையைக் கேளுங்கள் என்பேன்.

ஜூலை. மழை வந்து ஐந்து வாரம்.
சிலிம் ஆறு விலா எலும்பு தெரியப் படுத்திருந்தது.
இருபத்தேழாம் பிளாக்கின் கடைசி வரிசையில்
மைவியை நிறுத்திவிட்டு
காலுறைக்குள் புகையிலைத் தூள் போட்டுக்கொண்டேன், அட்டைக்கு.
நாத்தனார் மகளுக்கு அன்று காதணி விழா.
எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தது.

பட்டணத்துப் புதுப் பேரங்காடியில்
ஐஸ் மேல் சால்மன் துண்டு துண்டாகக் கிடக்கிறது.
கடலிலிருந்து ஆறேறிப் போகிற சாதியாம்.
இங்கே விமானம் ஏறி வந்திருக்கிறது.
கிலோ நூற்றுப் பத்து வெள்ளி.
ஆபீஸ் குமுதவல்லி அதோடு நின்று படம் எடுத்தாள்,
வாங்கவில்லை.

கெலா படத்துக்கு நிற்காது.
தண்ணீர் கண்ணாடியாக இருக்கும் மாதத்தில்
உன் தொப்பியின் நிழல் விழுந்தாலும் போச்சு.
பாறைக்குப் பின்னால் குந்தி
பழத்தைக் கொக்கியில் கோத்தேன்,
விரலெல்லாம் ஆரஞ்சு எண்ணெய்.
எறியக் கூடாது. நழுவவிட வேண்டும்,
மரமே உதிர்த்த மாதிரி
க்ளுக் என்று.
பழம் விழும் சத்தத்துக்குக் காது வைத்திருக்கிற மீன் அது.

முதல் பழத்தைத் திலாப்பியா கொத்தித் தீர்த்தது.
இரண்டாவது வேரில் மாட்டியது.
மூன்றாவது என் அவசரம்.
நான்காவதற்கு
நாசி லெமாக் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தேன்.
ஒரு தட்டல். இன்னொன்று.
பிறகு ஆறு முழுவதும்
ஒரே பக்கமாகக் கிளம்பிப் போனது.
ரீல் கத்தியது, நானும் கத்தினேன்,
சம்பல் மணலில்.
இடுப்பளவு நீரில் நின்று
என்ன பேசினேன் என்று எழுத முடியாது.

கரையேறியபோது
செதில் ஒவ்வொன்றும் ஐம்பது காசு அகலம்,
தடித்த உதடு, நாலு மீசை,
கோபம் தீராத வால்.
கைத்தராசில் இரண்டு கிலோ அறுநூறு.
கொக்கியைக் கழற்றும்போது
வாயிலிருந்து ஒரு கொட்டையைத் துப்பியது.
என்னுடையது இல்லை.
என் பழம் கொக்கியிலேயே இருந்தது.
இது பழைய கொட்டை, சதை வழித்து
கறுத்து வழவழத்து.
கரையோரம் சாய்ந்த மரத்துக் குலைகளிலிருந்து
எத்தனை நாளாகவோ
ரசீது இல்லாமல் தின்று கொழுத்திருக்கிறது.

ஆற்றிலேயே விட்டேன் என்று எழுதினால்
நல்லவளாகத் தெரிவேன்.
விடவில்லை.
இஞ்சி போட்டுச் செதிலோடு அவித்தேன்.
விழாப் பலகாரத்தோடு வந்த நாத்தனார்
வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்.
"காய்ச்சல்காரிக்குக் கெலாவா?"
உட்கார்ந்தாள்.
தலைப் பக்கம் அவளுக்கே போனது.

திங்கட்கிழமை காலை,
முதல் லாரி வருமுன்
அந்தக் கொட்டையைக் கொண்டுபோய்
எடைமேடையின் நட்டநடுவில் வைத்துவிட்டு
கண்ணாடிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன்.
எண் அசையவில்லை.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
கேட்டுக்கு வெளியே ரோஸ்லான்
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.