மேல்விலாசம் மட்டும்

டொக்கும் என்பது எங்கள் ஊர்.
ஜன்னலுக்குத் திரை போடாத ஊர்.
தபால் சைக்கிளை மிதித்துப் போகையில்
யார் வீட்டில் பட்டாணி சூப், யார் இன்று தனியாகச் சாப்பிடுகிறார்,
எல்லாம் தெரியும்.
பார்க்கலாம். நின்று பார்க்கக் கூடாது.
எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது.

நூலகத்தில் ஒரு சனிக்கிழமை
ரெனா என்றொரு பெண் வந்து
வெங்காயப் படம் போட்ட உலாவியைக் காட்டினாள்.
கேள்வி மூன்று கை மாறிப் போகுமாம்,
கேட்டது யாரென்று கடைசிக் கைக்குத் தெரியாதாம்.
நான் சிரித்துவிட்டேன்.
முப்பது வருடமாகத் தபால் போடுகிறவள்.
அனுப்பியவர் பெயரில்லாத கடிதம் வந்தால்
எங்கள் கிடங்கில் நாயை விட்டு மோப்பம் பிடிக்கச் சொல்வார்கள், அம்மா!
எனக்கெதற்கு இது?
வானிலை பார்ப்பேன், ஆப்பிள் கேக் செய்முறை பார்ப்பேன்.
மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை.

சிரித்துக் காட்டத்தான் அந்தத் துண்டுத்தாளை
வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
ஹில்கெ சிரிக்கவில்லை. சூப் ஆறுகிறது என்றான்.

என் கணவன் பாலம் திறப்பவன்.
தூண்டில் கழியில் மரச்செருப்பைக் கட்டிப்
படகுக்காரர்களிடம் நீட்டுவான்,
காசைச் செருப்புக்குள் போடுவார்கள்.
ஆகஸ்டில் ஒருநாள் கரையில் நின்று பார்த்தேன்:
காற்றில்லை, தண்ணீரில் சுருக்கமில்லை,
செருப்பு மட்டும் ஆடுகிறது.

அன்றிரவு இரண்டு மணிக்குச் சமையலறையில்,
இருவருக்கும் பொதுவான டேப்லெட்டில் தட்டினேன்:
வலது கை நடுக்கம், வயது ஐம்பத்தெட்டு.
வாசித்தேன். மூடினேன்.
மூடினால் போதும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவன் கால்பந்து முடிவு தேடுகிறான்,
பக்கத்தில் வந்து நிற்கிறது ஒரு ஸ்பூன்.
கனமான பிடி, "நடுங்கும் கைகளுக்கு",
இன்று மட்டும் தள்ளுபடி.
அதன் கீழே கட்டிலுக்கு மாட்டும் கம்பி.
கட்டை விரலால் தள்ளிவிட்டான்.
மறுநாளிலிருந்து காபிக் கோப்பை
இடது கைக்கு மாறியது.

நானும் எத்தனையோ தெரிந்தவள்தான்.
நீல உறை வரி.
சாம்பல் விளிம்பு சாவு.
லேவார்டன் மருத்துவமனை முத்திரை
ஒரே வீட்டுக்கு மாதம் இருமுறை போனால்
அதற்கும் எனக்கு அர்த்தம் தெரியும்.
ஒன்றையும் பிரித்ததில்லை. மேல்விலாசமே போதும்,
பாதித் தெருவின் கதை அதில் இருக்கிறது.
வாயைத் திறக்காமலிருப்பதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.
ஸ்பூன் விற்கிறவனுக்கு
பேசுவதற்கல்லவா சம்பளம்.

நவம்பரில் காப்பீட்டுத் தாள் தேடிக்
கொட்டகையில் அவன் பழைய மடிக்கணினியைத் தூக்கினேன்.
அடியில், நாலாக மடித்து, நூலகத் துண்டுத்தாள்.
திரையில் அந்த வெங்காயம்.
திறந்தேன். உரிக்க உரிக்க ஒன்றுமில்லை.
எத்தனை இரவு, எத்தனை கேள்வி கேட்டானோ,
ஒரு எழுத்துகூட மிச்சமில்லை.

யாரிடமிருந்து ஒளித்தான்?
அரசிடமிருந்தா? ஸ்பூன்காரனிடமிருந்தா?
இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை நான்.
பிறகுதான் உறைத்தது,
ஸ்பூனை நம் மேசைக்கு அழைத்து வந்தது
நான்தான்.

சாதாரண ஆட்களுக்கு இதெல்லாம் வேண்டுமா?
இப்போது கேட்டாலும் தெரியாது என்பேன்.
மெதுவாக ஓடுகிறது, சில கடைகள் கதவே திறப்பதில்லை.
ஆனால் மடியில் கனமென்றால் திருட்டுப் பொருள் என்று
யார் முடிவு செய்தது?

வியாழக்கிழமை என் பையிலேயே வந்தது,
லேவார்டன் முத்திரை, அவன் பெயர், எங்கள் வீட்டு எண்.
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
சாயங்காலம் கையில் கொடுத்திருக்கலாம்.
கொடுக்கவில்லை.
மற்ற வீடுகளுக்குப் போலவே
கதவுப் பிளவில் தள்ளினேன்.
உள்ளே நாற்காலி நகரும் சத்தம்.

சைக்கிளில் ஏறி அடுத்த வீட்டுக்குப் போனேன்,
எங்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமல்.