ஆறாம் மாதக் கேள்வி

பட்டம் வாங்கி ஆறு மாதம் ஆனவர்களைக்
கூப்பிட்டுக் கேட்பது என் வேலை.
"வேலையில இருக்கீங்களா?"
ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் சுழியம்.
எடுக்காவிட்டால் மறுபடியும், மாலை ஆறுக்கு மேல்.

லாபிஸ் கிளை வளாகத்துக்கு இந்த ஆண்டு
இலக்கு எழுபத்தைந்து விழுக்காடு.
எழுபத்தொன்றில் நிற்கிறோம்.
குறைகிற நான்குக்குப்
புத்ராஜெயா எவ்வளவு வெட்டும் என்று
இயக்குநர் ரொஸ்லான் பலகையில் எழுதினார்.
இன்னும் யாரும் அதைத் துடைக்கவில்லை.
ஆய்வுக்கூடத்தில் ஜூன் முதல் கேஸ் இல்லை.
நூலகத்தில் ஏர்கோன், மதியத்துக்குப் பிறகுதான்.

வாரத்தில் ஒரு மணி நேரம் செய்தாலும் வேலைதான்
என்கிறது வழிகாட்டிக் குறிப்பு, பக்கம் ஒன்பது.
ஆகவே
இரவுச் சந்தையில் அப்பாம் பாலிக் விற்கும் நூர் அதிகா: ஒன்று.
தம்பிக்குக் கணக்குச் சொல்லித்தந்து
அப்பாவிடம் இருபது வெள்ளி வாங்கும் லீ சியூ வென்:
கொஞ்சம் யோசித்து, ஒன்று.
சற்குணன், வேதியியல்.
செம்பனை ஆலையில் லோரி எடை போடுகிறான்.
பின்னால் ஹாரன் விடாமல் அடிக்கிறது.
"காய்க் குலை வந்தா நாங்களும் காசு வெட்டுவோம்க்கா.
மரத்துக்கு உரத்தை நிறுத்த மாட்டோம்.
சரி, எங்க ஆள் பத்தலையோ
அங்க என்னைப் போட்டுக்குங்க."
போட்டுக்கொண்டேன்.

கடைசியில் மிஞ்சியது கோமளவல்லி.
கொடுத்திருந்த எண் அம்மாவுடையது.
யுனிவர்சிட்டியிலிருந்து என்றதும்
அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கும் ஓசை.
"வேலை வந்திருச்சாம்மா?
எப்ப வரணும்? செர்ட்டிபிகேட்டெல்லாம்
பிளாஸ்டிக் போட்டு வச்சிருக்கு."

படிவத்தில் பதில்கள் ஐந்து.
ஐந்தும் அவர்கள் சொல்ல வேண்டியவை.
என்னைக் கேட்டால் எழுதக் கட்டமில்லை.

பிப்ரவரியில் எழுபத்தைந்து புள்ளி மூன்று.
கோமளவல்லிக்கு என்ன போட்டாய் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
பணம் வந்தது. கேஸ் வந்தது.
பொய் சொல்லக் கூடாது, நீலச் சுடரைப் பார்க்க
வகுப்பில்லாத பிள்ளைகளும் வந்து நின்றார்கள்.
என் மேசைக்கு ஒரு புதுத் தொலைபேசியும் கிடைத்தது.

வெள்ளிக்கிழமைக் காலைகளில்
ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்ததும்
அந்த எண் கூப்பிடுகிறது.
எடுக்கிறேன்.
இன்னும் இல்லம்மா, என்கிறேன்.
"பரவாயில்லம்மா.
நீங்க பசியாறிட்டீங்களா?"