ஏவல் வினை

சோளகம் அடிக்கிற மாதம்.
பண்ணைப் பாலத்தில ரெண்டு பக்கமும் கடல் கலங்கிக் கிடக்குது.
என்ர ஓட்டோவின்ர பின்சீற்றில மார்கெத்தா,
செக் நாட்டுக்காரி, வயது ஐம்பத்தெட்டு,
களங்கட்டிக் கம்புகளை எண்ணிக்கொண்டு வந்தா.
நாற்பத்தொராவது கம்பில
பொலிஸ் கையைக் காட்டிச்சுது.

சார்ஜன் அபேகோன் இஞ்ச வந்து ஒன்பது வருசம்.
அவருக்குத் தெரிஞ்ச தமிழ்:
நில். இறங்கு. எடு. காட்டு. திற. போ.
அவசரத்துக்கு ரெண்டு பெயர்ச்சொல்லும் வச்சிருக்கிறார்:
கோடு. தேத்தண்ணி.
எனக்குத் தெரிஞ்ச சிங்களம்:
ஓவ் சேர், நே சேர், கெதர யனவா சேர்.
வீட்டதான் போறன் எண்டதை
மூண்டு விதமான குரலில சொல்லுவன்.
மூத்தவன் பிறக்க முந்திப் பழகினது,
இன்னும் துருப்பிடிக்கேல்ல.

பாஸ்போட்டைக் கடைசிப் பக்கத்தில இருந்து புரட்டினார்.
பிறகு என்னைப் பார்த்து, எடு.

"உன்னை ஏன் கேக்கிறார்? நான்தானே வெளிநாடு?"
மார்கெத்தா தன்ர உடைஞ்ச இங்கிலிஸில கேட்டா.

அந்த ஏன்
ஓட்டோவுக்குள்ள ஒரு புதுச் சாமான் மாதிரி இருந்தது.
தொண்ணூற்றாறில, அடையாள அட்டையைப் பல்லில கவ்வி,
ரெண்டு கையும் தலைக்கு மேல,
ஒரு பள்ளிக்கூட மதிலோரம் நிண்டன்.
சாக்குக்குள்ள ரெண்டு ஓட்டையால பார்த்தவன்
எனக்கு முன்னுக்கு நிண்டவனுக்குத் தலையை ஆட்டினான்.
எனக்கு ஆட்டேல்ல.
ரெண்டுக்கும் நான் ஏன் எண்டு கேக்கேல்ல.
பல்லடையாளத்தோட இருந்த அந்த அட்டையை
பிறகு மாத்தியாச்சு.
பல்லு அதேதான்.

கமெராவின்ர வார் வெளியில தொங்கினது குற்றமாம்.
எந்தச் சட்டத்தில எண்டு கேக்க
என்னட்டச் சிங்களம் இல்லை.
கோடு, எண்டார்.
கொஞ்சம் பொறுத்து, குரலைப் பதிச்சு,
தேத்தண்ணி.

"சேர் தேத்தண்ணிக்கு ஏதும் கேக்கிறார்"
எண்டு நான் மொழிபெயர்த்தன்.
மனுசிக்கு முகமெல்லாம் வெளிச்சம்.
பைக்குள்ள இருந்து பிளாஸ்க்கை எடுத்து
மூடி நிறைய இஞ்சித் தேத்தண்ணி ஊத்தி
ரெண்டு கையாலயும் நீட்டினா.

சார்ஜன் என்னைப் பார்த்தார்.
நான் கடலைப் பார்த்தன்.
பக்கத்தில நிண்ட கொன்ஸ்தாபிள்
தன்ர சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருமினான்.
ஆறுதலா ஊதி ஊதிக் குடிச்சு முடிச்சார்.
மூடியை லேஞ்சியால துடைச்சுக் குடுத்தார்.
போ.

குறிகாட்டுவான் மட்டும் அவ சிரிச்சுக்கொண்டு வந்தா.
தன்ர ஊரிலயும் ஒரு காலம் இருந்ததாம்.
தகப்பன் பாண் வாங்கப் போனாலும்
கடதாசி கொண்டுதான் போவாராம்.
மறிக்கிறவங்களுக்கு எண்டு
மற்றப் பொக்கற்றில சிகரெட் வச்சிருப்பாராம்.
அப்ப இஞ்ச விளங்காமத்தான் ஊத்தினாவோ?
எனக்கு இண்டைக்கும் தெரியாது.
வள்ளத்தில ஏற முந்தி, கூலிக்கு மேல
ஆயிரம் ரூபா தந்தா.

திரும்பி வரேக்க வெறும் ஓட்டோ.
சார்ஜன் நில் எண்டு சொல்லேல்ல.
எடு எண்டும் சொல்லேல்ல.
கம்பியில முழங்கையை ஊண்டி,
ஊர்க்கதை கதைக்கிற ஆள் மாதிரிச் சொன்னார்:

"அந்தத் தேத்தண்ணியில சீனி இல்லை."

ஒன்பது வருசத்தில நான் கேட்ட முதல் முழு வசனம்.
பிழை ஒண்டும் இல்லை.
ஏவல் வினை ஒண்டுகூட இல்லை.
மூவாயிரத்தை இன்சூரன்ஸ் கடதாசிக்குள்ள மடிச்சு நீட்டினன்.
எடுத்தார். பிறகு கடதாசியையும் வாசிச்சார்,
திகதி வடிவா இருக்கோ எண்டு.

இப்ப ஓட்டோவில, முன்கண்ணாடிக்குக் கீழ,
ஒரு சின்னப் போத்தில் சீனி வச்சிருக்கிறன்.
எறும்புதான் வருது.