முள் நின்ற இடம்

கல்யாணம் இல்லாத வாரங்களில்
பீடோர் கடைத்தெருவிலிருந்து மோட்டாரை எடுத்துக்கொண்டு
கருங்காலித் தோட்டத்துக்குப் போவேன்.
யாரும் கூப்பிட்டதில்லை.
வாடகை லென்ஸுக்கு நாளைக்கு முப்பத்தைந்து வெள்ளி,
அதையாவது வசூல் பண்ண வேண்டும்.

தீமிதிக்கு ஒன்பது நாள்.
காப்புக் கட்டியாயிற்று.
லயத்துக் கொடியில் வரிசையாய் மஞ்சள் சேலைகள்,
நடுவே கம்பெனி நீலச்சட்டை ஒன்று
மருந்துக் கறை போகாமல்.
பந்தல்காலுக்குக் குழி தோண்டியவன் ஷஹாதத்,
குமில்லாக்காரன்.
மாரியம்மா என்று திருத்தமாய்ச் சொல்கிறான்.
என் பேர்தான் அவன் வாயில் நிற்பதில்லை.

எல்லாம் எடுத்தேன்.
லோரியிலிருந்து சரிந்த பால்மரக் கட்டைகள்.
வேப்பிலை ஒடிக்க ஏறிய பையனின் உள்ளங்கால்.
ஒலிபெருக்கிக்குள் கூடுகட்டியிருந்த குளவி,
அதை விரட்ட அஞ்சி நின்ற மூன்று பெரிய மனிதர்கள்.

நாகேஸ்வரியை எடுத்தது செம்பனைக் காட்டுக்குள்.
குனிந்த முதுகு, விரல் போகும் வேகம்,
புல்லுக்குள் உதிரிப் பழம்.
எனக்கு முகம் வேண்டும்.
விரதக்காரி முகத்தில் ஏதோ இருக்குமென்று
எங்கோ படித்திருக்கிறேன்.
அக்கா, கொஞ்சம் இப்படி, என்றேன்.
"நீ வெளிச்சம் பாக்குற.
நான் சாக்கு நெரம்புதான்னு பாக்குறேன்."

சாக்கைக் கொக்கியில் மாட்டும்போது
ஒன்றே ஒன்று அமுக்கினேன்.
அவள் அசைந்துவிட்டாள்.
முகம் புகை,
காப்புக் கட்டிய கை புகை,
பின்னால் தொங்கிய தராசு மட்டும்
துடைத்துவைத்த மாதிரி.
குவியம் தப்பிய படம்.
அழிக்க வேண்டியதில் சேர்த்தேன்.

தீமிதி ராத்திரி நானூற்றுப் பன்னிரண்டு படம்.
விடிந்ததும் சமையல் கொட்டகையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன்,
ஒரு படம் பத்து வெள்ளி.
கூட்டம் முண்டியது.
அவரவர் கால், அவரவர் நெருப்பு.

நாகேஸ்வரி கடைசியாக வந்தாள்.
தணலில் அவள் இறங்கும் படம்
என் வாழ்நாளில் நான் எடுத்ததிலேயே நல்லது.
சொன்னேன் கூட.
அவள் தலையாட்டிவிட்டுப்
பின்னால் போ, பின்னால் போ என்றாள்.
ஒன்பது நாள் பின்னால் போனேன்.

"நிறுத்து.
அந்த வட்டத்தப் பெருசாக்கு."

நாற்பத்து மூன்றில் முள்.

கைப்பேசி உறையைப் பிரித்தாள்.
எட்டாய் மடித்த எடைச்சீட்டு.
கிராணி ஞானப்பிரகாசத்தின் முத்து முத்தான கையெழுத்தில்
முப்பத்து எட்டு.

"ஈரத்துக்குக் கழிச்சோம், மண்ணுக்குக் கழிச்சோம்னுவாங்க.
சொல்லட்டும். எழுதிக் குடுத்துச் சொல்லட்டும்.
இதுல தேதி இருக்கா?"

இருந்தது.
மணி, நிமிடம், நொடி.
படத்துக்கு அழகில்லை என்று
நான் எப்போதும் மறைத்துவைக்கும் வரி.

"ரெண்டு கழுவிக் குடு.
முள்ளு தெரியணும்.
எம் மூஞ்சி தெரியாட்டிப் பரவால்ல."

அந்த நெருப்புப் படம், அக்கா?

"அத ஆத்தா பாத்துட்டா."

இருபது வெள்ளியை மேசையில் வைத்தாள்.
வேண்டாம் என்றதற்கு முறைத்தாள்.
நடக்கும்போது இடது பாதத்தை
ஓரமாய் ஊன்றி நடந்தாள்,
அதை நான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை
கூப்பிட்டார்கள் என்று போனேன்.
எடை போடும் இடத்தில் பதினொரு பெண்கள்,
பதினொரு சாக்கு.
ஞானப்பிரகாசம் தலை வாரி வந்திருந்தார்.
தராசுக்கு நேர் முன்னால் நின்று
சட்டைப் பொத்தானைச் சரிபார்த்து
என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.

நல்ல வெளிச்சம்.
அவசரமில்லை எனக்கு.